தங்கச்சியின் முதுகு

நம் வயதுக்காரர் நாலு பேர் கூடினால், இப்போதெல்லாம் பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலில் வந்துதான் நிற்கிறது. கதிரையிலிருந்து எழும்பும்போது கைப்பிடியைத் தேடுகிறோம். படி இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொள்கிறோம். போன கிழமை ஒரு கலியாண வீட்டில் என்னோடு ஒன்றாய்ப் படித்த ஒருத்தி, "எழும்புறதே இப்ப ஒரு வேலையாப் போச்சுது" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எழும்புவதும் நிற்பதும் இருப்பதும் எந்த வயதிலும் வேலைதான் என்பதை நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போதே அறிந்துகொண்டேன். அதை எனக்குக் காட்டியவள் என் தங்கச்சி. அவளுக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

அது கோதுமைப் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். உங்களுக்கு நினைவிருக்கும். விடியமுன்னே காதைச் சுற்றிச் சால்வை கட்டிக்கொண்டு கடைவாசலில் போய் நிற்போம். பாண் கிடைக்காத நாளில் அவித்த மரவள்ளிக் கிழங்கைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவோம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து அரசாங்க அலுவலகமான கண்டிக் கச்சேரியில் வேலை பார்த்தார். வாவிக்கு மேலே மலைச்சரிவில் எங்கள் வாடகை வீடு. தெருவிலிருந்து வீட்டுக்கு ஏற ஒரே படிகள். சிவப்புப் பொலிஷ் போட்ட சீமெந்துத் தரை. காலையில் கால் வைத்தால் குளிர் முழங்கால் வரை ஏறும்.

அந்த வீட்டில்தான் தங்கச்சி பிறந்தாள். அவள் அழுவது அரிது. அழுதாலும் பக்கத்து அறைக்குக் கேட்காது. பால் குடிக்கத் தொடங்கிப் பாதியில் களைத்து உறங்கிவிடுவாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் அப்பா பெருமையாகச் சொல்வார்: "மூத்தவள் ஊரைக் கூட்டினவள். இவள் சாது. வைச்ச இடத்தில அப்பிடியே கிடப்பாள்." வந்தவர்களும் குனிந்து பார்த்து, நல்ல பிள்ளை என்று மெச்சிவிட்டுப் போவார்கள். அந்த அமைதி அவளுடைய குணமல்ல, அழுவதற்கும் உடம்பில் வலு வேண்டும், அது அவளிடம் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு முதன்முதலில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது ஒரு சனிக்கிழமை. அம்மா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பாயில் கிடந்த தங்கச்சியை, அக்குளுக்குள் கை கொடுத்து, பிள்ளைகளை எல்லோரும் தூக்குவதுபோலத் தூக்கினேன். அவளுடைய தோள்கள் காதுவரை மேலே போயின. கைகள் இரண்டும் தலைக்கு மேல் உயர்ந்தன. உடம்பு மட்டும் என் கைகளுக்குள்ளால் வழுகிக் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. பயத்தில் முழங்காலை மடித்து, மடியில் அவளை ஏந்திக்கொண்டேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தக் கண்கள் மட்டும் நல்ல விழிப்பாக இருந்தன.

"அம்மா, தங்கச்சி வழுகிறாள்" என்றேன்.

அம்மா துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை வாங்கினார். "எனக்கும் அப்பிடித்தான் இருக்குது, பிள்ளை" என்று மெல்லச் சொன்னார். அதுவரை அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் அப்பாவின் அக்கா, என் மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து உதவிக்கு வந்தார். வந்த அன்றே பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பால் காணாது தம்பி. எலும்பில பிடிப்பில்லை" என்றார். தினமும் காலையில் நல்லெண்ணெய் தடவி, காலை நீட்டி அதில் அவளைக் கிடத்தி, கையையும் காலையும் இழுத்து உருவிக் குளிப்பாட்டினார். இன்றைக்கும் நல்லெண்ணெய் மணந்தால் எனக்கு மாமியின் தொடையில் கிடந்த அந்தச் சின்ன உடம்புதான் ஞாபகம் வரும். மாமி எந்தப் பக்கம் சரித்தாரோ அந்தப் பக்கமே கிடக்கும். மாமி அவளை நேசித்துத்தான் அதைச் செய்தார். இழுக்க இழுக்க இன்னும் தளரும் உடம்பு அது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

தவழ வேண்டிய வயதிலும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் போயிருந்தேன். டாக்டர் உயரமான மனிதர். தங்கச்சியைக் குப்புறத் திருப்பி வயிற்றுக்குக் கீழே ஒரு கையை மட்டும் கொடுத்துத் தூக்கினார். மற்றப் பிள்ளைகள் அப்படித் தூக்கினால் தலையை உயர்த்தி, காலை உதைத்து, நீந்துவதுபோலச் செய்யும். தங்கச்சி கொடியில் போட்ட துவாய்போல அவர் கையில் இரண்டு பக்கமும் தொங்கினாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் அப்பாவிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமி, "என்னவாம் தம்பி?" என்று கேட்டார்.

"நடக்க மாட்டாளாம் அக்கா" என்றார் அப்பா.

அம்மாவுக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அன்று டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்று பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னார். தசைகளில் இயல்பாக இருக்க வேண்டிய இறுக்கம் இவளுக்குக் குறைவு, பயிற்சி கொடுங்கள், எவ்வளவு தூரம் வருவாள் என்று இப்போது சொல்ல முடியாது என்பதுதான் அவர் சொன்னது. அப்பா பொய் சொல்லவில்லை. பயந்த காதுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது.

பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம் பெண். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைப் பிசியோ மிஸ் என்பார்கள். தேயிலைத் தோட்டப்பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரியும். பயிற்சி அறையின் ஜன்னலோரம் ஒரு பாய், பெரிய உருளைத் தலையணை ஒன்று, ஆளுயரக் கண்ணாடி. முதல்நாள் அம்மா அவரிடம், "பிள்ளைக்குப் பலம் இல்லையோ மிஸ்? சத்து மா ஏதும் குடுக்கவோ?" என்று கேட்டார்.

"சத்து குடுங்க, வேணாங்கல. ஆனா இது வேற விசயங்க" என்றவர், என்னைப் பார்த்து, "பாப்பா, இங்க வந்து நேரா நில்லு" என்றார். நின்றேன். "இப்ப நீ என்ன வேலை செய்யிற?"

"ஒண்டும் செய்யேல்லை மிஸ்."

"கெண்டைக்கால்ல கை வச்சுக்கிட்டு கொஞ்சம் முன்னால சாயி."

நான் குனிந்து தொட்டபடி சாய்ந்தேன். என் விரல்களுக்குக் கீழே கெண்டைக்கால் கல்லாக இறுகியது. பின்னால் சாயச் சொன்னார். அது இளகியது, காலின் முன்பக்கத்தில் வேறொன்று இறுகியது.

"நீ சொல்லியா இறுகிச்சு?"

"இல்லை மிஸ்."

அவர் அம்மாவிடம் திரும்பினார். "பாத்தீங்களா, அதுவாவே செய்யுது. சும்மா நிக்கும்போதும் ஒடம்பு பூரா கொஞ்சம் முறுக்காத்தான் இருக்கும். தூங்கும்போதுகூட முழுசா விட்டுராது. எந்தப் பக்கம் சாயிறோம்னு அதுக்கு நம்மள விட முந்தித் தெரியும். சின்னவளுக்கு அந்த முறுக்கு பத்தல. ஒடம்பு சாயிற சேதி போகுது, பதில் லேட்டா வருது. நம்ம திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கணும். பதில் வரும்."

பெரியவர்களின் பேச்சில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் விரல்களுக்குக் கீழே நடந்தது விளங்கியது. எனக்குத் தெரியாமல், என்னைக் கேட்காமல், பிறந்த நாளிலிருந்து ஏதோ ஒன்று என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் மனிதர்களையே பார்த்தேன். குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் மிதிபலகையில் ஒரு காலை மட்டும் வைத்துத் தொங்கிக்கொண்டு போனவர்கள். தலையில் கீரைக்கட்டோடு, பக்கத்தில் வந்தவளிடம் கழுத்தைத் திருப்பாமலே கதைத்துக்கொண்டு போன பெண். வாவிக்கரை மரத்தில் ஒற்றைக் காலில் நின்றபடி உறங்கிய கொக்கு. பெரஹெரா ஊர்வலத்துக்குக் கொண்டுவந்த யானையொன்று நடுப்பகல் வெயிலில் அரைக்கண் மூடி நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய பாரம், உறக்கத்தில், நாலு காலில். ஒருவரும் அதைப் பார்த்து வியக்கவில்லை. நான் அதன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன், அம்மா கையைப் பிடித்து இழுக்கும்வரை. கோயில் கர்ப்பக்கிரகத்தின் முன்னால்கூட எனக்கு அப்படி மயிர் கூச்செறிந்ததில்லை.

அப்பாவுக்கு இந்தப் பயிற்சியில் பொறுமை இல்லை. அவர் ஒரு தச்சரைப் பிடித்துத் தங்கச்சிக்கு ஒரு கதிரை செய்வித்தார். பலாப்பலகை, மஞ்சள் நிறத்தில் மினுங்கியது. முதுகுக்கு உயர்ந்த சாய்வு, இரண்டு பக்கமும் அடைப்பு, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தோல் வார். பொலிஷ் மணம் போகுமுன்னே அவளை அதில் இருத்தினார். வார்களைப் பூட்டியதும் அவள் இருந்தாள். தலை மட்டும் நெஞ்சில் சரிந்து கிடந்தது. "பாருங்கோ, இருக்கிறாள்" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தக் கதிரையைத் தானே சுமந்துகொண்டு படியிறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிசியோ மிஸ் அதைச் சுற்றிப் பார்த்தார். விளிம்புகளைத் தடவிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க சார். சாப்பாடு குடுக்க ஒதவும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா சார், இதுல கதிரைதான் ஒக்காருது. பிள்ளை ஒக்காரல்ல" என்றார்.

அப்பா கதிரையைத் திரும்பச் சுமந்துகொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அந்தக் கதிரை பிற்காலத்தில் எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. கண்டியில் மூன்று வீடு மாறினோம். ஏதோ ஒரு வீட்டில் அது எங்களோடு வரவில்லை.

பயிற்சி எல்லாம் அப்பா கச்சேரியில் இருக்கும் நேரத்தில்தான் நடந்தது. அம்மா தங்கச்சியை மடியில் நேராக வைத்து, இரு தோளிலும் கை வைத்து மெல்லக் கீழே அமர்த்தி, தொடையால் துள்ளவைப்பார். பிறகு என் முறை. நான் தரையில் மல்லாந்து படுப்பேன். அம்மா அவளை என் நெஞ்சில் குப்புறக் கிடத்துவார். அவளுடைய முகம் என் கழுத்தில் புதைந்திருக்கும். எச்சில் வழிந்து என் சட்டைக் கொலரை நனைக்கும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் தலையைத் தூக்கியாக வேண்டும். நான் கூப்பிடுவேன். நாக்கால் குதிரை ஓடும் சத்தம் போடுவேன். பூனை மாதிரி, காகம் மாதிரி, பாண்காரன் மாதிரிக் கத்துவேன்.

பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. முதுகு பிடித்துக்கொள்ளும் அந்தக் குளிர்த் தரையில் நான் முகட்டைப் பார்த்தபடி கிடந்திருக்கிறேன். பிறகு ஒருநாள், அவளுடைய கழுத்துக்குப் பின்னால் வைத்திருந்த என் விரலுக்கு ஏதோ தெரிந்தது. நூல் ஒன்றை மெதுவாக இழுத்ததுபோல. தலை அசையவில்லை. ஆனால் அசைய எண்ணுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாலைந்து நாள் கழித்து நெற்றி என் தாடையை விட்டு எழும்பியது. ஆடியது. விழுந்தது. மறுபடி எழும்பியது. இரண்டு கண்களும் என் கண்களுக்கு நேராக வந்து நின்றன. முகம் சிவந்து, உதடு நடுங்கி, ஒரு மலையைத் தூக்குபவள்போல அவள் தன் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். சிரித்ததில் பிடி விட்டுப்போய்த் தலை தொப்பென்று என் நெஞ்சில் விழுந்தது. அப்படியே உறங்கிவிட்டாள்.

அன்றிரவு அம்மா அப்பாவிடம் அதைச் சொன்னார். அப்பா, "ம்" என்றார். தாயின் ஆறுதல் பேச்சென்று எடுத்துக்கொண்டார் போலும். அவர் வீட்டுக்கு வரும் நேரங்களில் தங்கச்சி களைத்துப்போய், பழையபடி துவண்டுதான் கிடப்பாள்.

மாமி வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார். மடவளை தாண்டி வத்தேகமத்துக்குப் போகும் வழியில் கன்னியாஸ்திரிமார் நடத்தும் ஒரு பிள்ளைகள் இல்லம் இருந்தது. "அவை நல்லாப் பாப்பினம் தம்பி. எங்களால ஏலுமே? மூத்தவளுக்கும் நாளைக்கு ஒரு கலியாணம் வரவேணும். வீட்டில இப்பிடி ஒண்டு இருக்குதெண்டால் ஆர் வருவினம்?" என்று மாமி சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. அப்பா போய் இல்லத்து மதரைக் கண்டு பேசிவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

அம்மா சண்டை போடவில்லை. "நீங்கள் கொண்டு போங்கோ. நான் வரேல்லை" என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிறு காலையிலும் அவர் தங்கச்சியை மடியில் வைத்துத் தோளை அமர்த்தித் துள்ளவைத்தார். அப்பா வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா ஒரு பயிற்சியையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அவளுக்குக் கம்பளிச் சட்டை போட்டு அப்பாவிடம் கொடுத்தார். உடுப்புப் பையை என்னிடம் தந்தார். அதற்காகத்தான் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

இல்லத்தைத் தாண்டிப் போகும் பன்விலை பஸ்ஸில் ஏறினோம். நான் ஜன்னலோரம். அப்பா பக்கத்தில். தங்கச்சி அவருடைய மடியில், முதுகை அவர் வயிற்றில் சாய்த்தபடி. அப்பா ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் தாடையையும் பிடித்திருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, மடவளைப் பள்ளிவாசலையும் கருவாட்டு மணம் வீசும் கடைத்தெருவையும் தாண்டியதும், பாதை வளையத் தொடங்கியது.

முதல் வளைவில் பஸ் இடப்பக்கம் சரிந்தது. எல்லோரும் சரிந்தோம். தங்கச்சியும் சரிந்தாள். அப்பாவின் கை தாடையிலிருந்து நழுவிவிட்டது. அவர் திரும்பப் பிடிப்பதற்குள் அவள், மெதுவாக, தள்ளாடிக்கொண்டு, தானாகவே நடுவுக்கு வந்தாள்.

அப்பா குனிந்து பார்த்தார்.

அடுத்த வளைவு வலப்பக்கம். தலை சரிந்தது; நின்றது; திரும்பி வந்தது. அப்பா நெஞ்சிலிருந்த கையை எடுத்து அவளுடைய முதுகில் வைத்தார். அந்த முதுகை எனக்குத் தெரியும். வளைவு வரும்போது முள்ளந்தண்டின் ஒரு பக்கத்தில் ஏதோ விழித்துக்கொண்டு இறுகும். பிறகு மற்றப் பக்கத்தில். அதை அவர் உள்ளங்கையில் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு வளைவில் அந்தக் கையையும் எடுத்தார். தொடாமல், விரல்களை விரித்து, காற்றில் அணையும் விளக்கைக் காப்பவர்போல இரண்டு கைகளையும் அவளைச் சுற்றி வைத்திருந்தார். அவள் நடுவில் இருந்தாள். ஆடிக்கொண்டு, விழப்பார்த்து, விழாமல் இருந்தாள். கதிரை இல்லை, வார் இல்லை. அப்பா மூச்சு விடுகிறாரா என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அதற்குப் பிறகு நான் அவரிடம் கண்டதில்லை.

பஸ் நின்றது. கொண்டக்டர் மடவளைக்காரர். "ஐயா, நீங்க சொன்ன எடம் இதுதான். எறங்கல்லயா?" என்று கேட்டார்.

அப்பா நிமிரவில்லை. "பன்விலைக்கு ரிக்கற் தாரும்" என்றார்.

பன்விலையில் இறங்கி ஒரு தேத்தண்ணிக் கடையின் மர வாங்கில் இருந்தோம். தேயிலை மலைகளில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா தேத்தண்ணியைத் தொடவில்லை. "இவள் எப்ப தொடக்கம் இப்பிடிச் செய்யிறவள்?" என்று கேட்டார்.

"கொஞ்ச நாளா அப்பா. என்ர நெஞ்சில வைச்சால் தலையும் நிமித்துவாள்."

"ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அம்மா சொன்னவ அப்பா."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, முன்சீட்டுகள் வெறுமையாக இருந்தும் கடைசிச் சீட்டில் போய் இருந்தார். அங்கேதான் ஆட்டம் அதிகம்.

தங்கச்சி நாலு வயதில் நடந்தாள். ஓடியதில்லை. இன்றைக்கும் நெடுநேரம் நின்றால் சுவரைத் தேடுவாள். அப்படியே இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. அம்மா குசினியில் அடுப்பைப் பார்த்தபடி நின்றார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. தங்கச்சி ஏதோ முனகினாள். அப்போதுதான் திரும்பினார். அப்பாவின் கையில் பிள்ளையும் என் கையில் உடுப்புப் பையும் இருப்பதைப் பார்த்தார்.

"பஸ் அங்க நிக்கேல்லை" என்றார் அப்பா.

அரசாங்க பஸ் கை காட்டிய இடமெல்லாம் நிற்கும் என்பது கண்டியில் எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்கு நிக்குமோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லை" என்றார் அப்பா. "இனி ஒரு நாளும் நிக்காது."